கழிமுகம் புகுந்த கள்வன்



பத்தாண்டுகளாகக் கவிதையையும் கதையையும் பேசி வளர்ந்த இந்த அவையில் ஒரு நண்டைப் பற்றிப் பேச முற்படுகிறேன். நண்டுக்கும் இலக்கியத்துக்கும் உறவு என்ன என்று இங்குள்ள எவரும் கேட்கமாட்டீர்கள். ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் பத்துப் பாடல்கள் நண்டைக் கருப்பொருளாகக் கொண்டு 'கள்வன் பத்து' என்றே பெயர் பெற்றுள்ளன. அலவன், ஞெண்டு என்னும் பெயர்களும் சங்கப் பாடல்களில் பரவலாக வழங்குகின்றன. நெய்தல் நிலத்து மகளிர் மணற்பரப்பில் அலவனை ஆட்டி விளையாடும் காட்சியைப் புலவர் பலர் பாடியுள்ளனர். நண்டைக் கூர்ந்து நோக்கிய மரபு நம்முடையது.

கள்வன் என்னும் சொல் நண்டைக் குறிக்கும்; திருடனையும் குறிக்கும். நான் பேச எடுத்துக்கொண்ட நண்டை இன்று வட அமெரிக்காவின் இரு கரைகளிலும் திருடன் என்றே ஏசுகிறார்கள். சேற்றில் விளையும் மட்டியைத் தின்று தீர்க்கிறது, மீனவர் வயிற்றில் அடிக்கிறது, கடற்புல்லை வேரோடு பெயர்க்கிறது என்பன அதன்மேல் உள்ள குற்றச்சாட்டுகள். அவை பொய்யல்ல. ஆயினும் களவு நடந்த வீட்டில் முதலில் எழும் வினா ஒன்று உண்டு: களவு போனது எது? அதற்கு விடை சொல்ல வேண்டுமானால், வீட்டில் முன்பு என்ன இருந்தது என்பதை யாரேனும் அறிந்திருக்க வேண்டும். என் பேச்சு முழுவதும் இந்த ஒரு வினாவைச் சுற்றியே அமையும்.

முதலில் நண்டை அறிமுகம் செய்துவைக்கிறேன். அமெரிக்கர் இதனை ஐரோப்பியப் பச்சை நண்டு என்பர். அறிவியல் வழங்கும் பெயர் கார்சினஸ் மேனாஸ். 'மேனாஸ்' என்னும் சிறப்புப் பெயரை 1758ஆம் ஆண்டில் சூட்டியவர் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். கிரேக்கத் தொன்மத்தில் டயோனிசஸ் என்னும் மதுக்கடவுளைப் பின்தொடர்ந்து தன்னிலை மறந்து ஆடிய மகளிரின் பெயர் அது. வெறியாட்டு என்னும் சொல்லை அறிந்த நமக்கு அப்பெயரின் பொருள் எளிதில் விளங்கும். பச்சை நண்டு என்று சொன்னாலும் எல்லா நண்டும் பச்சையாக இராது. ஓடு கழற்றிய புதிதில் பச்சையாகவும், நெடுநாள் ஓடு மாற்றாது இருப்பின் செம்மஞ்சளும் சிவப்புமாகவும் தோன்றும். ஓட்டின் அகலம் பத்து சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. உள்ளங்கையளவே உள்ள உயிர். கண்களுக்கு வெளிப்புறம் பக்கத்துக்கு ஐந்து முட்கள் இருப்பதே இதனை இனங்காணும் அடையாளம்.

இதன் தாயகம் ஐரோப்பாவின் அட்லாண்டிக் கடற்கரையும் ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரையும் ஆகும். அங்கும் இது மட்டியைத் தின்றே வாழ்கிறது. அங்கு எவரும் இதனைக் கள்வன் என்று அழைப்பதில்லை. காரணம், அங்கு இதற்கு வேண்டாதவர் பலர். பறவைகளும் மீன்களும் தின்கின்றன. சாக்குலைனா என்னும் ஒட்டுண்ணி நண்டின் உடலுக்குள் வேர்போலப் பரவி, அதனைக் கருவுறும் ஆற்றலற்றதாக ஆக்கிவிடுகிறது. புதிய கரைகளுக்குச் சென்ற நண்டுகளோடு அந்த ஒட்டுண்ணிகளுள் பெரும்பாலானவை செல்லவில்லை. அதனால் புதிய இடங்களில் நண்டுகள் தாயகத்தைக் காட்டிலும் பெரிதாக வளர்கின்றன என்று 2001ஆம் ஆண்டில் ஆய்வாளர் காட்டினர். ஓர் உயிரின் இயல்பு அதன் உடலுக்குள் மட்டும் இல்லை, அதைச் சூழ்ந்து வாழும் பிற உயிர்களிடத்திலும் இருக்கிறது என்பதற்கு இது தக்க சான்று.

இந்த நண்டு கடலைத் தானே கடந்து வரவில்லை. மரக்கப்பல்களின் அடிப்பகுதியில் துளைகளும் பாசியும் சிப்பியும் மண்டிக் கிடந்த காலத்தில் அவற்றினூடே ஒளிந்து வந்தது என்பதே பலரும் கொள்ளும் கருத்து. 1817ஆம் ஆண்டில் அமெரிக்க இயற்கை அறிஞர் தாமஸ் சே அட்லாண்டிக் கரையில் இதனைக் கண்டு எழுதினார். அதற்கு எத்தனை ஆண்டுகளுக்கு முன்பே வந்து சேர்ந்தது என்பதை இன்று எவராலும் உறுதியாகக் கூற இயலாது. இருபதாம் நூற்றாண்டில் மெல்ல வடக்கே நகர்ந்து மேய்ன் மாநிலக் கரை முழுவதும் பரவியது. 1989ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டத்தின் மறுகரையான சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் தோன்றியது. 1993இல் அதற்கு வடக்கே போடேகா துறைமுகத்துக்கும், 1990களின் இறுதிக்குள் ஆரிகன், வாஷிங்டன் மாநிலக் கரைகளுக்கும் கனடாவின் மேற்குக் கரைக்கும் சென்றது. 2022ஆம் ஆண்டில் அலாஸ்காவின் தென்பகுதியிலும் அதன் ஓடுகள் கிடைத்தன.

இத்தனை விரைவாகப் பரவியதன் காரணம் அதன் குஞ்சுப் பருவத்தில் உள்ளது. ஒரு பெண் நண்டு ஒரு முறையில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் முட்டைகள் வரை இடக்கூடும். முட்டையிலிருந்து வெளிவரும் நுண்ணிய இளவுயிரிகள் பல வாரங்கள் நீரோட்டத்தோடு மிதந்து திரிகின்றன. 1997, 1998ஆம் ஆண்டுகளில் எல் நினோவின்போது வடக்கு நோக்கி ஓடிய வெந்நீரோட்டம் அவற்றை நூற்றுக்கணக்கான கல் தொலைவு கொண்டு சென்றது. மனிதன் கப்பலில் ஏற்றிக் கொணர்ந்ததைக் கடல் தன் கையால் வாங்கி மேலும் கொண்டு சென்றது எனலாம்.

கழிமுகம் என்பது ஆறும் கடலும் கைகோக்கும் இடம். நீர் ஏறும்போது கடலாகவும், இறங்கும்போது சேற்று வெளியாகவும் காட்சி தரும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது வெறும் சேறு. அதன் மேற்பரப்பில் தென்படும் சிறு துளைகளின் கீழேதான் மட்டிகள் வாழ்கின்றன. மட்டி தன் குழலை மேலே நீட்டி நீரை உறிஞ்சி, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டி உண்டு, தெளிந்த நீரை வெளியே விடுகிறது. மட்டி நிறைந்த கழிமுகத்தில் நீர் தெளிகிறது, ஒளி அடிவரை செல்கிறது, கடற்புல் தழைக்கிறது, புல்லினிடையே மீன்குஞ்சுகள் வளர்கின்றன. ஆகவே மட்டி என்பது ஓர் உணவுப்பொருள் மட்டும் அன்று. அது கழிமுகத்தின் உழைப்பாளி.

பச்சை நண்டு சேற்றைத் தோண்டி இளம் மட்டியை எடுத்துக் கொடுக்கால் நொறுக்கித் தின்கிறது. ஒரு நாளில் நாற்பது சிறு மட்டிகளைத் தின்னவல்லது என்று அமெரிக்க அரசுத் துறைகளின் கையேடுகள் கூறுகின்றன. முதிர்ந்த மட்டி ஆழத்தில் இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். களவின் நுட்பம் இங்கேதான் உள்ளது. மட்டி வெட்டச் செல்பவருக்கு முதல் ஓரிரு ஆண்டுகள் குறையொன்றும் தெரியாது. பெரிய மட்டிகள் வழக்கம்போல் கிடைக்கும். இளந்தலைமுறை இல்லாமல் போனது, பெரியவை தீர்ந்த பிறகுதான் தெரியவரும். ஊரில் குழந்தைகளே இல்லாத நிலையை முதியோரை மட்டும் எண்ணிப் பார்ப்பவர் அறியமாட்டார்.

மேய்ன் மாநிலத்தில் மென்னோட்டு மட்டியை நம்பி வாழும் குடும்பங்கள் பல. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கடல்நீர் வழக்கத்தினும் வெம்மையுற்ற ஆண்டுகளில், நண்டு பெருகி மட்டி குன்றியதை அங்குள்ளோர் கண்டனர். கடுங்குளிர் வந்த ஆண்டுகளில் நண்டு மடிந்து மட்டி மீண்டது. ஆகக் குளிர்தான் அக்கரையின் காவலனாக இருந்தது. இன்று அந்தக் காவலனின் கை தளர்ந்துவிட்டது. உலகக் கடற்பகுதிகளில் மிக விரைந்து வெம்மையுறுவனவற்றுள் மேய்ன் வளைகுடாவும் ஒன்று. 2012இல் நீர் அளவுகடந்து வெம்மையுற, அதற்கடுத்த ஆண்டில் நண்டுகள் பெருகின. மட்டிக் குஞ்சுகளைச் சேற்றில் விதைத்து, அவற்றின்மேல் வலை விரித்துக் காப்பது இன்று அங்கு ஒரு தொழில்முறையாகவே ஆகிவிட்டது. முன்பு இயற்கையாக விளைந்த சேற்றில் இன்று வேலியிட்டுப் பயிர் செய்கிறார்கள்.

ஆனால் 1817க்கு முன் அக்கழிமுகங்கள் எவ்வாறு இருந்தன? சேற்றில் எத்தனை வகை மட்டி, எவ்வளவு நெருக்கமாக வாழ்ந்தன? அன்று எவரும் எண்ணி எழுதி வைக்கவில்லை. நண்டு வந்து முதல் நூறாண்டில் கொண்டுபோனது எது என்பது என்றைக்கும் தெரியாத கணக்காகவே நின்றுவிட்டது. இன்றைய மேய்ன் மீனவரின் பாட்டனார் கண்ட வளமான கழிமுகமும், ஒருவேளை ஏற்கெனவே களவு நடந்த வீடாகவே இருந்திருக்கலாம்.

இதற்கு மாறாக அமைந்தது கலிஃபோர்னியாவின் போடேகா துறைமுகம். அங்கு ஒரு கடல் ஆய்வுக்கூடம் உண்டு. நண்டு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே ஆய்வாளர்கள் அங்குள்ள சேற்றுவெளியின் சிற்றுயிர்களையும், கரைக்கு வரும் பறவைகளையும் எண்ணிக் குறித்து வந்தனர். எவரும் பெரிதாக மதிக்காத வேலை அது. 1993இல் நண்டு வந்தபோது அந்தப் பழைய ஏடுகள் திடீரென விலைமதிப்பற்றவை ஆயின. டெட் குரோஷோல்ஸ் என்னும் ஆய்வாளரும் அவர் துணைவர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, நண்டு வந்த மூன்றே ஆண்டுகளில் அரிசி மணியளவே உள்ள இரு உள்ளூர் மட்டி வகைகளும், ஓர் உள்ளூர்ச் சிறுநண்டும் ஐந்தில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு என்னும் அளவுக்குக் குறைந்தன என்று காட்டியது. அதே ஏடுகள் மற்றொன்றையும் உரைத்தன. பறவைகளும் குறைந்துவிடும் என்று அஞ்சினர். அந்த ஆய்வுக் காலத்தில் அவ்வாறு குறையவில்லை. ஏடு இருந்ததால் குற்றமும் தெரிந்தது. சுமத்தக் கூடாத குற்றம் எது என்பதும் தெரிந்தது.

போடேகாவின் கதை அதோடு முடியவில்லை. அக்கழிமுகத்தில் வேறொரு அயல்நாட்டு மட்டியும் இருந்தது. அட்லாண்டிக் கரையிலிருந்து வளர்ப்புச் சிப்பிகள் கொணரப்பட்ட காலத்தில் அவற்றோடு வந்த ஜெம்மா என்னும் சின்னஞ்சிறு மட்டி அது. பல பத்தாண்டுகள் அது ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. உள்ளூர் மட்டிகள் அதற்கு இடம் தரவில்லை. பச்சை நண்டு உள்ளூர் மட்டிகளைத் தேடித் தின்று குறைத்ததும் ஜெம்மா பெருகிப் பரவியது. இதனைக் குரோஷோல்ஸ் 2005இல் எழுதினார். முதலில் வந்தவன் அடங்கிக் கிடந்ததற்கு அவனது நற்குணம் காரணம் அன்று. வீட்டார் வலிமையோடு இருந்தனர், அவ்வளவே. வீட்டார் மெலிந்தபோது பழைய விருந்தினனும் உரிமை கொண்டாடத் தொடங்கினான்.

நண்பர்களே, மட்டியும் சிப்பியும் நத்தையும் இவற்றையெல்லாம் வாளாவிருந்து ஏற்கின்றனவா? இல்லை. அவை விடை கூறுகின்றன. ஓட்டினால் விடை கூறுகின்றன. ராபின் சீலி என்னும் ஆய்வாளர் நியூ இங்கிலாந்துப் பகுதியின் பாறைகளில் வாழும் ஒரு சிறு நத்தையை ஆராய்ந்தார். 1900க்கு முன் திரட்டி அருங்காட்சியகங்களில் வைத்திருந்த ஓடுகளை, 1980களின் தொடக்கத்தில் தாம் திரட்டிய ஓடுகளோடு ஒப்பிட்டார். பழைய ஓடுகள் மெல்லியவை. கோபுரம்போல் உயர்ந்த சுருள் கொண்டவை. புதியவை தடித்தவை, சுருள் தாழ்ந்தவை. இடைப்பட்ட காலத்தில் அக்கரைக்குப் பச்சை நண்டு வந்து சேர்ந்திருந்தது. தடித்த தாழ்ந்த ஓட்டை நொறுக்குவது நண்டுக்குக் கடினம். 1986இல் வெளிவந்த இந்த ஆய்வு அறிவுலகில் பெரிதும் பேசப்பட்டது. மாற்றம் தலைமுறை வழித் தேர்வால் மட்டும் நிகழவில்லை என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. நண்டின் வாடை கலந்த நீரில் வளரும் நத்தை தன் வாழ்நாளிலேயே ஓட்டைத் தடிக்கச் செய்துகொள்கிறது. ஆனால் ஓட்டுக்குச் செலவிட்டது உடலுக்குக் கிடைப்பதில்லை. அத்தகைய நத்தையின் உள்ளுடல் சிறுத்துப் போகிறது. அச்சத்தில் வாழ்வோர் மதில் எழுப்புவதிலேயே பொருளைச் செலவிட்டுப் பசித்திருப்பதை மனித வரலாற்றிலும் காண்கிறோம்.

இதனோடு ஒத்த மற்றொரு சான்றும் உண்டு. 1988ஆம் ஆண்டில் நியூ ஜெர்சிக் கரையில் ஆசியக் கரைநண்டு என்னும் வேறொரு அயல்நண்டு காணப்பட்டது. ஆரன் ஃபிரீமன், ஜேம்ஸ் பையர்ஸ் ஆகிய இருவரும் பாறையில் ஒட்டி வாழும் நீலச் சிப்பியைக் கொண்டு செய்த சோதனை 2006இல் வெளிவந்தது. ஆசிய நண்டோடு சில ஆண்டுகள் பழகிய தென்பகுதிச் சிப்பிகள் அதன் வாடையை உணர்ந்து ஓட்டைத் தடிக்கச் செய்தன. அந்த நண்டு இன்னும் சென்று சேராத வடபகுதிச் சிப்பிகள் அதன் வாடைக்கு அசையவில்லை. நெடுங்காலம் உடனிருந்த பச்சை நண்டின் வாடைக்கோ இரு பகுதிச் சிப்பிகளும் விடை கூறின. பதினைந்து ஆண்டுகளே பழகிய பகைவனையும் ஒரு சிப்பியினம் அறிந்துகொள்கிறது. சீலியின் கண்டுபிடிப்புக்கு அடிப்படையாக அமைந்தவை பழைய ஓடுகள் என்பதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும். நூறாண்டுக்கு முன் யாரோ ஒருவர் கரையில் பொறுக்கி, பெயரும் இடமும் எழுதிப் பெட்டியில் இட்டுவைத்த ஓடுகள் அவை. எதற்குப் பயன்படும் என்று அறியாமலே அவர் ஒரு சாட்சியைக் காத்து வைத்தார்.

இனி, கள்வனைப் பிடித்து ஒழித்துவிட்டால் என்ன என்னும் கேள்விக்கு வருவோம். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே சீட்ரிஃப்ட் என்னும் சிறிய காயல் உண்டு. 2009ஆம் ஆண்டில் ஆய்வாளரும் தன்னார்வத் தொண்டர்களும் அங்குள்ள பச்சை நண்டுகளை அடியோடு அகற்ற முற்பட்டனர். தொடக்கத்தில் ஏறத்தாழ 1,25,000 நண்டுகள் இருந்தன. ஆண்டுதோறும் பொறிவைத்துப் பிடித்தனர். 2013இல் எஞ்சியவை 10,000க்கும் குறைவு. வெற்றி கைக்கெட்டிய தொலைவில் நின்றது. அடுத்த ஆண்டு, 2014இல், அங்கு ஏறத்தாழ 3,00,000 நண்டுகள் இருந்தன.

எவ்வாறு நேர்ந்தது? பச்சை நண்டு தன் இனத்துக் குஞ்சுகளையே தின்னும் இயல்புடையது. பெரிய நண்டுகளே சிறியவற்றைப் பெருகவிடாமல் அடக்கி வைத்திருந்தன. பெரியவற்றைப் பொறியில் பிடித்து அகற்றியதும் குஞ்சுகள் தடையின்றி வளர்ந்தன. 2021இல் வெளிவந்த ஆய்வுரை இதனை ஹைட்ரா விளைவு என்னும் பெயரால் விளக்கியது. தலையை வெட்ட வெட்ட மீண்டும் முளைக்கும் கிரேக்கத் தொன்மப் பாம்பின் பெயர் ஹைட்ரா. நமக்கு அதனினும் நெருங்கிய ஒப்புமை உண்டு. சிந்திய குருதித் துளி ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் அசுரன் எழுந்த இரத்தபீசனின் கதையை நாம் அறிவோம். துளி நிலத்தில் விழாமல் தடுக்க வேண்டும் என்பதை உணர்ந்த பிறகே தேவி அவனை வென்றாள். வாளின் கூர்மையைக் காட்டிலும் பகைவனின் இயல்பை அறிவதே அங்கு வெற்றிக்கு வழியாயிற்று. சீட்ரிஃப்டில் பணியாற்றியோரும் நோக்கத்தை மாற்றிக்கொண்டனர். அடியோடு ஒழிப்பதை விட்டு, உள்ளூர் உயிர்கள் தழைக்கும் அளவுக்கு நண்டைக் குறைத்து வைப்பதே போதும் என்னும் முடிவுக்கு வந்தனர். கனடாவின் கெஜிம்குஜிக் கடலோரப் பூங்காவில் 2010 முதல் இவ்வழியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நண்டுகளை இடைவிடாது பிடித்து அகற்றியதன் பயனாக, அழிந்துபோகும் நிலையில் இருந்த கடற்புல் மீண்டும் படரக் கண்டனர்.

இந்தக் களவால் மெய்யாகவே வாடுவோர் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தின் லம்மி பழங்குடியினர் 2021ஆம் ஆண்டில் தங்கள் கடற்குளத்தில் 70,000க்கும் மேற்பட்ட பச்சை நண்டுகளைப் பிடித்தனர். 2022 ஜனவரியில் அம்மாநில ஆளுநர் ஜே இன்ஸ்லீ நெருக்கடி நிலையை அறிவித்தார். அக்கரையின் பழங்குடிகளுக்கு மட்டி என்பது உணவும் வாணிகமும் சடங்கும் ஆகும். பக்கத்துப் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 3,500 ஆண்டுகளுக்கு முன்பே அவர்களின் முன்னோர் கழிக்கரையில் கல்லடுக்கி வரப்பெழுப்பி, மட்டி வளரத்தக்க மணற்படுகை அமைத்தனர். அவற்றை மட்டித் தோட்டங்கள் என்பர். நம் முன்னோர் ஏரிக்கரை எழுப்பியதுபோல் அவர்கள் கடற்கரையைத் திருத்தினர். அத்தகைய மக்களிடம் மட்டி குறைகிறது என்று சொன்னால், அதற்குப் பொருள் சந்தையில் விலை ஏறுகிறது என்பதாகாது. பாட்டி பேத்திக்குக் கற்றுத்தர ஒன்று குறைந்துபோகிறது என்பதே பொருள்.

இருள் மட்டுமே இக்கதையில் உள்ளது என்று எண்ணிவிட வேண்டாம். கலிஃபோர்னியாவில் எல்க்ஹார்ன் என்னும் கழிமுகம் உண்டு. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் மென்மயிர்த் தோலுக்காக அக்கரையின் கடல் நீர்நாய்களை வேட்டையாடி ஏறத்தாழ அழித்தேவிட்டனர். 1938இல் பிக் சர் கரையோரம் ஐம்பதை ஒட்டிய சிறு கூட்டம் ஒன்று எஞ்சியிருப்பது வெளியுலகுக்குத் தெரியவந்தது. காப்பாற்றப்பட்ட அவற்றின் வழித்தோன்றல்கள் பின்னாளில் எல்க்ஹார்ன் கழிமுகத்துக்குத் திரும்பின. தாயை இழந்த குட்டிகளை வளர்த்து அங்கு விட்டவர்களும் உண்டு. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நீர்நாய்கள் அங்கு வாழ்கின்றன. அவை ஆண்டுக்கு 50,000 முதல் 1,20,000 வரை பச்சை நண்டுகளைத் தின்கின்றன என்று 2024இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அக்கழிமுகத்தில் பச்சை நண்டு பெரிதும் குறைந்துவிட்டது. பொறியும் கூலியும் இன்றி, துரத்தப்பட்ட வீட்டுக்காரன் திரும்பி வந்ததாலேயே கள்வன் அடங்கினான்.

இவ்வளவும் எங்கோ தொலைவில் நிகழ்வது என்று கருத இயலாது. நண்டு வேறு, நிலைமை ஒன்றே. தென்னமெரிக்கக் கரைகளைத் தாயகமாகக் கொண்ட ஒரு சிப்பி கேரளத்தின் அஷ்டமுடிக் காயலில் படர்ந்திருப்பதை 2019இல் ஆய்வாளர் பதிவு செய்தனர். அதே சிப்பி சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தின் சேற்றிலும் கம்பளம்போல் பரவியது. எண்ணூர் மீனவர் அதற்கு இட்ட பெயர் காக்கா ஆழி. இறால் மேயும் சேற்றையும் மஞ்ச மட்டி வாழும் சேற்றையும் அது மூடிவிட்டது என்று அவர்கள் முறையிட்டனர். செய்தி பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. பாரம் சமன்செய்யக் கப்பல்கள் ஏற்றி இறக்கும் நீரோடு அது வந்திருக்கலாம் என்று கருதுகின்றனர். ஏற்கெனவே சாம்பலும் கழிவும் கலந்து நொந்துபோன கழிமுகம் அது. மெலிந்த வீட்டில் கள்வன் எளிதில் புகுவான் என்பதைப் போடேகாவில் கண்டோம். எண்ணூரில் புதிய சிப்பியை அள்ளிக் கொட்டுவது தேவையான வேலை. கழிமுகத்தைத் தூய்மை செய்யாமல் அதை மட்டும் செய்வது போதாத வேலை.

கவிஞர் பெருமக்களிடம் ஒன்று வேண்டி என் உரையை நிறைவு செய்கிறேன். நம் சங்கப் புலவர்கள் கழியில் கண்ட மீனையும் பறவையையும் நண்டையும் பூவையும் பெயர் சொல்லிப் பாடினர். அவர்கள் கணக்கெடுக்கவில்லை, ஆயினும் இன்ன இடத்தில் இன்ன உயிர் இருந்தது என்பதற்கு அப்பாடல்கள் சான்றாக நிற்கின்றன. இன்று நாம் எழுதும் கவிதைகளில் பெரும்பாலும் பறவை என்றும் பூ என்றும் மீன் என்றும் பொதுப்பெயரே வருகிறது. பெயரில்லாத ஒன்று மறைந்தால் அதைத் தேடுவார் யார்? நம் ஊர்க் கழியில் இன்று வாழும் மட்டி எது, அதற்கு மீனவர் வழங்கும் பெயர் எது, எந்த மாதத்தில் அது எந்தச் சேற்றில் கிடைக்கும் என்பதை அங்குள்ள முதியோரிடம் கேட்டு, பாட்டிலோ கட்டுரையிலோ ஒரு குறிப்பேட்டிலோ எழுதி வையுங்கள். அதன் பயன் இன்று தெரியாது. போடேகாவில் எண்ணியவருக்கும், நத்தை ஓட்டைப் பெட்டியில் இட்டவருக்கும் அன்று தெரியவில்லை.

நண்டைக் கள்வன் என்று ஏசுவது எளிது. அது பசித்த உயிர். சென்ற இடத்தில் உண்டது. அதைக் கப்பலில் ஏற்றிச் சென்றவர் நாம். அதை அடக்கியிருக்கக்கூடிய நீர்நாயைத் தோலுக்காகக் கொன்றவர் நாம். குளிர்ந்த கடலை வெம்மையுறச் செய்தவரும் நாமே. கதவைத் திறந்தும் காவலை விலக்கியும் வைத்துவிட்டுக் களவைப் பற்றி மட்டும் பேசுவது முறையாகாது. கதவைச் சாத்தும் பணியை அரசும் அறிவியலும் செய்யட்டும். வீட்டில் இருப்பவற்றின் பெயர்களை நினைவில் வைக்கும் பணி மொழியைக் கையாள்வோருக்கு உரியது. இந்த வட்டம் தன் இரண்டாவது பத்தாண்டில் அப்பணியிலும் ஒரு கை கொடுக்கும் என்று நம்புகிறேன்.